காகம் இறங்காத கொல்லை

என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று அம்மா சொல்வாள். கிள்ளான் துறைமுகக் கிடங்கில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையையும் நான் நடந்துகொண்டே செய்வதாகப் பெரிய கிராணி புகார் சொல்வார். அப்படிப்பட்டவனைப் பிடித்து, செஞ்சியில் ஒரு காகம் சோறு எடுப்பதைப் பார்த்துவிட்டு வா என்று அம்மா கப்பலேற்றினாள். காத்திருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத பயணம் அது.

அப்பா போன வருஷம் ஆடி அமாவாசையன்று இறந்தார். அவர் பிறந்த ஊர் செஞ்சி. முதல் திவசத்தை அங்கேதான் கொடுக்க வேண்டும், அதுவும் அவர் தம்பி கோவிந்தன் கையால்தான் சோறு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. யுத்தத்துக்கு முன்னால் அப்பா ஒரு முறை ஊருக்குப் போய், தம்பியையும் மலாயாவுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். திண்டிவனம் ஸ்டேஷன் வரை இருவரும் வந்தார்கள். தண்ணீர் மொண்டு வருகிறேன் என்று சொம்பை எடுத்துக்கொண்டு போன தம்பி திரும்பி வரவில்லை. அப்பா ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயில் வரை பிளாட்பாரத்தில் நின்றார். பிறகு தனியாக ஏறினார். அன்றோடு அவருக்குத் தம்பி இல்லை. எங்கள் வீட்டில் யாராவது நேரம் கழித்து வந்தால், "தண்ணி மொள்ளப் போனியா?" என்றுதான் கேட்பார்.

கடைசிக் காய்ச்சலில் அவர், "கோவிந்தன் வந்துட்டானா?" என்று கேட்டாராம். ஆசையில் கேட்டாரா, ஆத்திரத்தில் கேட்டாரா என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை. அதைக் காகம் சொல்லிவிடும் என்று நம்பினாள். கோவிந்தன் வைத்த சோற்றைக் காகம் எடுத்தால் அப்பா மனம் ஆறிவிட்டது, எடுக்காவிட்டால் ஆறவில்லை. அவ்வளவுதான் கணக்கு. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு வருஷமாக அம்மா சரியாகத் தூங்காததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் காகத்துக்குப் பஞ்சமில்லை. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காகத் துரைமார்கள் அந்தக் காலத்தில் காகங்களைக் கப்பலில் வரவழைத்தார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதாவது எங்களைப் போலவே அவையும் தோட்ட வேலைக்கு வந்தவை. தோட்டம் போனபின் பட்டணத்துக்கு வந்து எங்களைப் போலவே சத்தம் போட்டுப் பிழைக்கின்றன. இவ்வளவு பேர் இருக்க, ஒரு காகத்துக்காகக் கடல் தாண்ட வேண்டுமா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அவள் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

செஞ்சி போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி உட்கார்ந்து வந்தது. அதன் சொந்தக்காரர் நின்றுகொண்டு வந்தார். பாதி வழியில் ரேடியேட்டர் புகைந்தது. கண்டக்டர் ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வயற்காட்டில் தண்ணீர் மொள்ளப் போனார். தண்ணீர் மொள்ளப் போகிறவர்களை எங்கள் குடும்பம் நம்புவதில்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "உக்காரு நைனா, நீ நடந்தா பஸ்ஸு கெளம்பிடுமா?" என்று கேட்டார். கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார்.

செஞ்சி மலைகளைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். யாரோ லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டிவிட்டு, அப்புறம் அடுக்கிக்கொள்ளலாம் என்று போனவர்கள் வராமலே இருந்துவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்து மலைகளெல்லாம் பச்சைப் போர்வை போர்த்தியவை. இங்கே மலை சட்டைகூடப் போடவில்லை.

பஸ் நிலையத்தில் இறங்கியபோது மின்சாரக் கம்பி முழுக்கக் காகங்கள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. நல்ல சகுனம், காகத்துக்குக் குறைவில்லை என்று நினைத்தேன். அந்தக் கூச்சலுக்கு நேர் கீழே, வெயில் இறங்கிவிட்ட அந்த வேளையிலும் குடை பிடித்தபடி ஒருவர் நின்றார். குடைக்குக் கீழே அப்பாவின் காதுகள் இருந்தன. இரண்டு கைப்பிடி போல விரிந்த காதுகள். வேறு முகத்தில் அவற்றைப் பார்த்ததும் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"ராசுவா? வந்துட்டியா? சாப்டியா?" என்று கேட்டார் சித்தப்பா. மூன்றுக்கும் நான் தலையாட்டினேன். அவர் என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளாமல் கையில் தூக்கினார். தலைக்குக் குடை வேண்டியிருந்தது.

வீடு ஊருக்கு வெளியே, கொல்லையை ஒட்டி. கொல்லை என்றால் இங்கே மானாவாரி நிலம். மல்லாட்டை விதைத்திருந்தார்கள். நிலக்கடலை என்று நான் சொன்னபோது சின்னம்மா சிரித்தாள். விதைத்த பருப்பைக் காகம் வந்து மூக்கால் கிளறி எடுத்துத் தின்றுவிடும். முளை விட்டு இரண்டு இலை வரும் வரைக்கும் காவல் காக்க வேண்டும். சிலர் தகரம் தட்டுவார்கள், சிலர் கறுப்புத் துணி கட்டுவார்கள். சித்தப்பா கொல்லையின் நடுவில் ஒரு மூங்கில் கழி நட்டு, அதில் செத்த காகம் ஒன்றைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். காற்றில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. இறக்கை ஒன்று விரிந்து கிடந்தது.

"இத கட்டனதுலேர்ந்து ஒண்ணு கூட எறங்கல," என்றார் சித்தப்பா. பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் விருந்தாளி முதல் நாளே வாயைத் திறக்கக்கூடாது. அன்று ராத்திரி கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் போட்டார்கள். அரிசி ரேஷனில் வருவதே அபூர்வமாம். இருக்கிற பச்சரிசியை நாளைக்கு அமாவாசைப் படையலுக்கு என்று சின்னம்மா எடுத்து வைத்திருந்தாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மென்றுகொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் கையலம்பிவிட்டார்கள்.

அமாவாசையன்று காலையில் குளித்து, கிணற்று மேடையைக் கழுவி, தலைவாழை இலை போட்டு, சோறு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய், வடை, பாயசம் எல்லாம் வைத்தார்கள். சித்தப்பா ஒரு பழைய பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இலையைச் சுற்றி விட்டார். பிறகு வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டார்.

ஒன்றும் வரவில்லை. நான்கு வீடு தள்ளிக் கூரை மேல் காகங்கள் அடித்துக்கொண்டு தின்றன. ஊர் முழுக்க இன்று இலைதான், வயிறு நிறைந்திருக்கும், பொறுத்து வரும் என்றாள் சின்னம்மா. பொறுத்தோம். நான் கிணற்றைச் சுற்றி நடந்தேன். எனக்குப் பசி வந்தால் பக்தி குறைந்துவிடும். வடை வாசனை வேறு. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். செத்தவருக்குப் பிடித்தது எதையாவது வைக்கலாம் என்றாள் சின்னம்மா. அப்பாவுக்குப் பிடித்தது சீனன் கடை பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்துத் தின்பது. என் பெட்டியில் ஒரு டின் இருந்தது. இலையில் பிஸ்கட்டும் பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பியும் வைத்தோம். ஓர் அணில் வந்து பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

வெயில் சாயத் தொடங்கியதும் சின்னம்மா முடிவெடுத்தாள். இலையைப் பசுமாட்டுக்குப் போட்டாள், அதுவும் முறைதான் என்றாள். எல்லாரும் சாப்பிட்டோம். நான் வெட்கமில்லாமல் இரண்டு தரம் பாயசம் வாங்கினேன். சித்தப்பா சாப்பிடவில்லை. சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிணற்று மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவரே என்னை எழுப்பினார். அமாவாசை போனால் போகட்டும், கோட்டை மேல் போய் வைத்துப் பார்க்கலாம் என்றார். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் ராஜகிரி உச்சியில்தான் திரிவார்களாம். அண்ணன் ஆவி அங்கே இருக்கலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு நடக்கக் கிடைத்ததே போதும் என்று கிளம்பினேன். அதுவும் பாதிப் படி வரைதான். அதற்குமேல் என் சக்கரம் கழன்றுவிட்டது. சித்தப்பா ஒரு கையில் சோற்றுப் பொட்டலம், ஒரு கையில் குடை, இடுப்பில் துண்டால் கட்டிய சொம்பு என்று ஆடு ஏறுவது போல ஏறினார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. பாறை விளிம்பில் கழுகுகள் இறக்கையை அசைக்காமல் மிதந்துகொண்டிருந்தன. கீழே ஊரும் கழனிகளும் ஏரியும் கைக்குட்டை அளவில் தெரிந்தன. ஊர் பார்க்க வந்தவனாக இருந்தால் அரை நாள் உட்கார்ந்திருக்கலாம். சித்தப்பா பொட்டலத்தைப் பிரித்து ஒரு பாறையில் வைத்ததுமே எங்கிருந்தோ நாலைந்து காகங்கள் வந்தன. என் மனம் துள்ளியது. அவை இறங்கவில்லை. அவர் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தின. ஒன்று சரேலென்று இறங்கிக் குடையை உரசிக்கொண்டு போயிற்று. நான் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு பொட்டலத்தோடு மண்டபத்தின் மேல் ஏறிவிட்டது. அங்கே உட்கார்ந்து நிதானமாக வடையை முதலில் தின்றது.

சித்தப்பா குரங்கைத் திட்டவில்லை. படியில் இறங்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணன் செத்த தந்தி வந்துச்சே போன ஆடியில, அன்னியிலேர்ந்து இப்பிடித்தான். எங்க போனாலும் தொரத்துது. கொடையில்லாம தெருவுல போவ முடியல. அவருக்கு எம்மேல ஆறல ராசு."

குடை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷமாக இந்த மனிதர் வெயிலுக்கல்ல, அண்ணனுக்குப் பயந்து குடை பிடித்திருக்கிறார். அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டுக்கொண்டே இறங்கினேன்.

மூன்றாம் நாள் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஜாருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று தப்பித்துப் பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம், ஒரு போண்டா, ஒரு டீ. கிள்ளானில் இந்த டீயைக் குடிக்கக் கொடுத்தால் சண்டை வரும், இங்கே அமிர்தமாக இருந்தது. கம்பியிலிருந்த காகங்களுக்குப் போண்டாவைப் பிய்த்துப் போட்டேன். உடனே ஒன்று இறங்கியது, பிறகு மூன்று. ஒன்று என் செருப்பு வரைக்கும் வந்து, தலையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பச்சரிசியும் பாயசமும் போட்டால் வரமாட்டாய், பஸ் நிலையத்துப் போண்டாவுக்கு வருவாயா என்று அதைக் கேட்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்.

அப்போது கீழே நின்றவை எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. கம்பி முழுக்கக் கூச்சல். யார் வருகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சித்தப்பா குடையோடு என்னைத் தேடி வந்துகொண்டிருந்தார். பஸ் நிலையத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். காகங்கள் அவரை மட்டும் பார்த்துக் கத்தின.

அன்று பொழுது சாய்வதற்குள் பக்கத்துக் கொல்லைக்காரர் ஆதிராஜ நயினார் வீட்டில் எனக்கு விருந்து. ஜைனர்கள், பொழுதிறங்கினால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே மண்ணைக் கிளறியவர்கள், பஜாரில் மல்லாட்டை மண்டியும் உண்டு. நெய் மணக்கும் பருப்பும் காராமணிக் குழம்பும் போட்டு, நான் சாப்பிடுவதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தன் குறையைச் சொன்னார். அவர் காகத்தைத் தொங்கவிடுவதில்லை, தகரமும் தட்டுவதில்லை. கொல்லை ஓரத்தில் ஓர் உழவுச் சால் விதையை மண் மூடாமல் விட்டுவிடுவார். பறவைகள் அதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்ததாம். இப்போது சித்தப்பா கொல்லையில் இறங்காத காகங்களும் இவருடைய கொல்லைக்கே வந்துவிடுகின்றன. ஓரத்துச் சால் போதவில்லை.

"தருமம் நான் பண்றேன், சவுகரியம் உங்க சித்தப்பாவுக்கு," என்றார் நயினார். வேடிக்கையாகச் சொன்ன மாதிரி இருந்தாலும் வேடிக்கை இல்லை.

ஊரில் மற்றவர்களும் காகம் கட்டுகிறார்களே என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் கட்டுவது கரண்டு கம்பியில் அடிபட்டுத் தானாகச் செத்ததை. உங்கள் சித்தப்பா போன ஆடியில் கண்ணி வைத்துப் பிடித்தார். கூட்டம் முழுக்க மேலே பறந்து கதறிக்கொண்டிருக்க, அத்தனைக்கும் நடுவில் நின்று கழுத்தைத் திருகினார். இந்த வருஷமும் அப்படியே. நான் கண்ணை மூடிக்கொண்டேன், காகங்கள் மூடிக்கொள்ளவில்லை என்றார்.

போன ஆடி என்ற சொல் என் காதில் நின்றுவிட்டது. தந்தி எப்போது வந்தது என்று கேட்டேன். அதே வாரந்தான் என்றார் நயினார்.

கையலம்பக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு விசித்திரமும் அப்போது உறைத்தது. நயினார் வீட்டில் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற வழக்கமே கிடையாது. போன உயிர் அதன் வினைப்படி எங்கேயோ பிறந்தாயிற்று, அதற்கு இங்கே இலை போட்டு என்ன பயன் என்று கேட்பவர்கள். அவர் கொல்லையில் காகங்கள் திருவிழாக் கூட்டமாக இறங்குகின்றன. காகத்தில் அண்ணனைத் தேடுகிற மனிதருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொல்லாமல் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். என் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டை மூன்றையும் அவருக்கு மாட்டிவிட்டேன். சின்னம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். குடையில்லாமல் கிணற்றடி வரை நடக்கச் சொன்னேன். பத்தடி போவதற்குள் பனைமரத்திலிருந்து ஒரு காகம் கத்தியது, அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்று தொப்பியைத் தட்டிவிட்டது. அந்தக் காதுகளை மறைக்க மலேசியாவிலிருந்து வந்த சாமானால் ஆகவில்லை.

அப்படியானால் சீயமங்கலத்துக்குப் பஸ் ஏறுவோம், குகைக்கோயில் பக்கம் வைப்போம், அந்த ஊர்க் காகங்களுக்கு உங்களைத் தெரியாது என்றேன். அவசரத்தில் வாய் உளறிவிட்டது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தார். தெரிவதாவது, தெரியாததாவது என்று கேட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். காகம் முகம் மறக்காது என்று. கழுத்தைத் திருகிய ஆளை அவை பார்த்துவிட்டன என்று. போன ஆடியில் தந்தியும் கண்ணியும் ஒரே வாரத்தில் நடந்தன என்று.

அவர் கண்ணாடியை மடித்து என்னிடம் கொடுத்தார். கழியில் சுற்றிக்கொண்டிருந்ததையே பார்த்தார். பிறகு, "அப்ப கோவம் அண்ணனுக்கு இல்ல, காக்காவுக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"வேற ஊருக்கு வேணாம் ராசு. என்னத் தெரியாத காக்காவ ஏமாத்திச் சோறு போட்டா அது எங்க அண்ணனாயிடுமா?" என்றவர், கிணற்று மேடையில் உட்கார்ந்தார். பித்தளைச் சொம்பைக் கையில் எடுத்தார். "இந்தச் சொம்புதான். தண்ணி மொண்டுட்டேன். ரொம்பி வழியிது. ஸ்டேசனுக்கு எதுக்க ஒரு புளியமரம். அதும் பின்னால நின்னுட்டேன். கப்பலுன்னா எனக்கு பயம். அண்ணன் மூஞ்சப் பாத்து சொல்ல அதவிட பயம். அவரு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறாரு, என்னத் தேடறாரு. எல்லாம் பாத்துக்கினேதான் இருந்தேன். அன்னிக்கி நான் வரலன்னு அவரு நின்னாரு. இன்னிக்கி அவரு வரலன்னு நான் நிக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது. அப்பா பிளாட்பாரத்தில் நடந்த நடைதான் என் காலிலும் இருக்கிறது என்று தோன்றியது. என் அழுகையை மறைக்க நான் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். திரும்பி வந்தபோது எனக்கு வழி தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. சோற்றை நீங்கள் வையுங்கள், வைத்துவிட்டு மறைந்துகொள்ளுங்கள் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. நயினார் கொல்லை வரப்பில் ஒரு புளியமரம் இருந்தது. அதை அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில் சின்னம்மா மறுபடி சமைத்தாள். மிச்சமிருந்த பச்சரிசி அதோடு தீர்ந்தது. நயினாரிடம் அனுமதி கேட்டோம். உங்கள் நம்பிக்கை உங்களுக்கு, என் வரப்பு எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டு அவர் மண்டிக்குப் போய்விட்டார். சித்தப்பா குடையைப் பிடித்தபடி வரப்பில் இலை போட்டார். தன் கையாலேயே சோறும் வடையும் வைத்தார். ஒரு தேங்காய்த் தொட்டியில் சொம்புத் தண்ணீரை ஊற்றி இலையோரம் வைத்தார். காகங்கள் மேலே சுற்றிச் சுற்றி ஏசின. அவர் கூப்பிடவில்லை. "நீ கூப்புடு," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நான் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றதில்லை. கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. முதலில் ஒன்று வந்து வரப்பில் உட்கார்ந்தது. மரத்தின் பக்கம் பார்த்தது, என்னைப் பார்த்தது. மூன்று தத்துத் தத்தி வந்து வடையை எடுத்தது. எடுத்துக்கொண்டு பறக்கவில்லை. தொட்டித் தண்ணீரில் தோய்த்து, நனைத்து, தின்றது. காய்ந்த தீனியைக் காகம் அப்படித்தான் தின்னும், கிள்ளானிலும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அப்பா பிஸ்கட்டைக் காப்பியில் தோய்க்கிற நினைப்பு வந்தது, எனக்குக் கண் மறைத்தது.

பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. இலை கறுத்துவிட்டது. மரத்தின் பின்னாலிருந்து ஒரு காது தெரிந்தது. நான் மெல்ல நடந்து அவரிடம் போனேன். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். தோளெல்லாம் குலுங்கியது. வாருங்கள் சித்தப்பா, எடுத்துவிட்டது என்றேன்.

"இரு. முழுசும் சாப்டட்டும்," என்றார். "அன்னிக்கி ரயிலு போறவரைக்கும் நான் வெளிய வரல. இன்னிக்கி அவரு போறவரைக்கும் வரமாட்டேன்."

கடைசிப் பருக்கையும் போய், காகங்கள் நயினாரின் விதைச் சாலுக்கு நகர்ந்த பிறகே அவர் வெளியே வந்தார். வெற்று இலையைக் கையில் எடுத்து மடித்தார். கழியில் தொங்குவதை அவிழ்த்துவிடலாமே என்று கேட்டேன். விதை முளைத்து இரண்டு இலை விடட்டும், அவிழ்த்துப் புதைத்துவிடுகிறேன், இனிமேல் கண்ணி வைக்க மாட்டேன் என்றார். பயிர் வைத்தவரிடம் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. சாயங்காலம் இதை நயினாரிடம் சொன்னபோது, அதற்குள் தன் கொல்லையில் விதையே இருக்காது என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் வழிக்கு என்று ஒரு பை வறுத்த மல்லாட்டை கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்குச் சித்தப்பா கூடவே வந்தார். பெட்டியைத் தலையில் வைத்திருந்தார். குடையை எடுத்து வரவில்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தேன். கம்பிக்குக் கீழே வந்ததும் வழக்கமான கூச்சல் தொடங்கிவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியை இறக்கியதும் ஒரு காகம் அவர் தலையைத் தட்டிவிட்டே போயிற்று. அவர் கையை ஓங்கவில்லை, குனியவும் இல்லை.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவருக்கு டீ முடியவில்லை. நீங்கள் வீட்டுக்குப் போங்கள் சித்தப்பா, கொத்திவிடப் போகிறது என்றேன்.

"அண்ணிகிட்ட சொல்லு, அண்ணன் சாப்டாருன்னு," என்றார். கொஞ்சம் யோசித்து, "நான் மரத்தும் பின்னால நின்னதயும் சொல்லு. ரெண்டு தரமும்," என்றார்.

சொல்கிறேன் என்றேன். போங்கள் என்று மறுபடியும் சொன்னேன்.

"பஸ்ஸு கெளம்பட்டும்," என்றார்.

பஸ் கிளம்பியது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காகங்கள் அவர் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி ஏசின. பஸ் திரும்பி மலை மறைக்கும் வரைக்கும் அவர் நடுத் தெருவில், எல்லாரும் பார்க்க, அப்படியே நின்றார்.